சிவனுக்கு ஜாவா எடுத்த இல்லம்: பிரம்பனான் கோயிலின் வரலாறு

மத்திய ஜாவாவில் யோக்யகார்த்தா நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில், மெராபி எரிமலைக்குத் தெற்கே விரியும் சமவெளியில் நிற்கும் பிரம்பனான் கோயில் தொகுதி, இந்தோனேசியாவின் மிகப் பெரிய இந்துக் கோயில் என்பதோடு, கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே சைவம் தென்கிழக்காசிய மண்ணில் வேரூன்றித் தனக்கென ஒரு வடிவத்தை அடைந்துவிட்டது என்பதற்குத் தலைசிறந்த சான்றாகவும் விளங்குகிறது. கடல் கடந்த கோயில்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் அவற்றைச் சோழரின் கடற்படையெடுப்போடு இணைத்துப் பேசுவது வழக்கம். பிரம்பனானைப் பொறுத்தவரை அந்த இணைப்பு காலக்கணக்குக்கே ஒவ்வாது. இக்கோயிலில் சிவன் திருவுரு நிறுவப்பட்ட 856ஆம் ஆண்டில், விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெற அதன் பின்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஆகவே பிரம்பனானைச் சோழர் கலையின் கிளையாகப் பார்ப்பதை விட, ஒரே பழைய ஊற்றிலிருந்து இரு வேறு நிலங்களில் ஓடிய இரு ஆறுகளுள் ஒன்றாகப் பார்ப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

அந்த ஊற்றின் தடம் 732ஆம் ஆண்டுச் சங்கால் சாசனத்தில் தெளிவாகத் தெரிகிறது. சஞ்சயன் என்னும் அரசன் மத்திய ஜாவாவில் ஒரு குன்றின் மேல் இலிங்கம் நிறுவியதைக் கூறும் அந்தச் சமஸ்கிருதச் சாசனம், தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த வரிவடிவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே காலப்பகுதியில் சைலேந்திரர் எனப்பட்ட பௌத்த அரச மரபினர் போரோபுதூர் போன்ற பெரும் பணிகளைத் தொடங்கினர். சைவச் சஞ்சய மரபும் பௌத்தச் சைலேந்திர மரபும் போட்டியிட்ட இரு குலங்களா, ஒரே குலத்தின் இரு சமயச் சாய்வுகளா என்பதில் அறிஞரிடையே நீண்ட கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், பிரம்பனானைக் கட்டியவன் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் ராக்காய் பிக்காத்தான் என்னும் சைவ அரசனின் பெயர், அருகிலுள்ள பிளாவோசான் பௌத்தக் கோயிலின் சிறு சன்னிதி ஒன்றிலும் கொடையாளர் பெயராகக் காணப்படுவதால், இக்கோயில் பௌத்தத்தின் மீது சைவம் கொண்ட வெற்றியின் சின்னம் என்னும் எளிய விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. பிரம்பனானுக்கு வடக்கே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் நிற்கும் சேவு என்னும் பௌத்தத் தொகுதி அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. நடுவே பெருங்கோயிலும் சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு சன்னிதிகளும் கொண்ட அதன் அமைப்பையே பிரம்பனானின் தச்சர்கள் சைவத்துக்கு ஏற்ப எடுத்தாண்டனர்.

கோயிலின் தோற்றத்தை அறிய உதவும் முதன்மைச் சான்று, இன்று ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள சிவகிருகச் சாசனம் ஆகும். சிவகிருகம் என்றால் சிவனுடைய இல்லம் என்று பொருள். சக ஆண்டு 778, அதாவது கி.பி. 856 என்று காலங்குறிக்கும் இச்சாசனம், பழைய ஜாவா மொழியில் இயற்றப்பட்ட செய்யுள்களுள் தேதி தெரிந்த மிகப் பழையது என்பதால் இலக்கிய வரலாற்றிலும் அதற்குத் தனி இடம் உண்டு. 1950களில் டச்சு அறிஞர் டி காஸ்பாரிஸ் இதைப் படித்து வெளியிட்டார். முதிய அரசன் ஆட்சியை இளையவனாகிய லோகபாலனிடம் ஒப்படைத்ததையும், மதில் சூழ்ந்த சிவன் கோயிலையும், அதைச் சுற்றி ஒன்றுபோல் நிற்கும் சிறு கோயில்களையும் வருணிக்கும் அச்செய்யுள், ஆற்றின் போக்கே மாற்றப்பட்டுக் கோயில் நிலத்தை ஒட்டி ஓடச் செய்யப்பட்டதையும் கூறுகிறது. மேற்குப் புறத்தில் இன்று ஓடும் ஓபாக் ஆறு அந்தக் கூற்றோடு பொருந்தி வருகிறது. மெராபியிலிருந்து மழைக்காலத்தில் மணலும் பாறையும் புரட்டி வரும் ஓர் ஆற்றை மடைமாற்றுவதற்கு வேண்டிய ஆள்பலத்தையும் நிர்வாகத்தையும் எண்ணிப் பார்த்தால், அக்கால ஜாவா அரசின் வலிமை விளங்கும்.

தொகுதி மூன்று சதுர முற்றங்களைக் கொண்டது. ஏறத்தாழ 110 மீட்டர் பக்கமுள்ள உள்முற்றத்தில் கிழக்கு நோக்கி மூன்று பெருங்கோயில்கள் நிற்கின்றன. நடுவில் 47 மீட்டர் உயரச் சிவன் கோயிலும், அதற்குத் தெற்கே பிரம்மன் கோயிலும், வடக்கே திருமால் கோயிலும் அமைய, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வாகனக் கோயில் உண்டு. எதிரெதிர்க் கோயில்களையும் மூலைச் சன்னிதிகளையும் சேர்த்து உள்முற்றத்தில் மொத்தம் 16 கட்டடங்கள். 222 மீட்டர் பக்கமுள்ள இரண்டாம் முற்றத்தில், உள்ளிருந்து வெளியே 44, 52, 60, 68 என்று நான்கு வரிசைகளில் 224 சிறு கோயில்கள் இருந்தன. அனைத்தும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கல்லால், சாந்து பூசாமல், கல்லோடு கல்லைப் பொளித்துக் கோத்துக் கட்டப்பட்டவை. இத்தனை கச்சிதமான அமைப்பில் சிவன் கோயில் மட்டும் முற்றத்தின் சரியான நடுப்புள்ளியில் இல்லை என்பது அளந்து பார்த்தவர்களை வியக்க வைத்தது. நடுப்புள்ளி, கோயிலின் கிழக்குப் படிக்கட்டை ஒட்டித் தென்புறத்தில் நிற்கும் ஒரு சின்னஞ்சிறு மாடத்தின் மேல் விழுகிறது. மனையின் உயிர்நிலைகள் மீது சுவரின் பாரம் அழுத்தக் கூடாது என்னும் வாஸ்து நூல்களின் விதியை அறிந்தே தச்சர் பெருங்கோயிலைச் சற்று வடக்கே நகர்த்தினர் என்பது ஏற்கத்தக்க விளக்கம். பிழையாக நேர்ந்திருந்தால் அப்புள்ளியில் தனி மாடம் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

1885இல் சிவன் கோயிலின் கருவறைக்கு அடியிலிருந்த குழியைத் தோண்டியபோது கிடைத்தவை இந்தச் சாத்திர அறிவுக்கு நேர்ச் சான்றாகும். கரியும் மண்ணும் எரிந்த விலங்கெலும்புகளும் கலந்த ஓர் அடுக்கின் மேல், ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழத்தில், ஒரு கற்பேழை இருந்தது. அதனுள் செப்புத் தகடுகள், சாம்பல், 20 காசுகள், மணிகள், கண்ணாடித் துண்டுகள், கடற்சிப்பிகள் ஆகியவற்றோடு ஆமை, நாகம், தாமரை முதலிய வடிவங்களில் வெட்டிய பொன் இலைகளும் காணப்பட்டன. வருணன் என்றும் பர்வதம் என்றும் எழுதப்பட்ட பொன் தகடுகளும் அக்குழியில் கிடைத்தன. கடலையும் மலையையும் பூமியின் செல்வங்களையும் குறியீடாகக் கருவறைக்கு அடியில் வைத்து, அதன் பின்னரே கோயிலுக்கு உயிர் உண்டாவதாகக் கொள்ளும் இச்சடங்கு, தமிழகத்து ஆகமக் கோயில்களில் கர்ப்பநியாசம் எனப்படும் சடங்கின் உடன்பிறப்பே ஆகும்.

சிவன் கோயிலின் நான்கு அறைகளும் இவ்வுறவைக் கண்ணெதிரே காட்டுகின்றன. கிழக்கே திறக்கும் மைய அறையில் மூன்று மீட்டர் உயரத்தில், நான்கு கைகளோடு, ஆவுடையாரைப் போன்ற பீடத்தின் மேல் தாமரையில் நின்ற கோலத்தில் மகாதேவன் காட்சி தருகிறான். வடக்கு அறையில் மகிடாசுரனை வதைக்கும் துர்க்கையும், மேற்கு அறையில் விநாயகரும், தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாய்க் கமண்டலமும் செபமாலையும் தாங்கிய அகத்தியரும் உள்ளனர். தமிழகச் சிவன் கோயிலை வலம்வந்து பழகியவருக்கு வடக்கே துர்க்கை இருப்பது புதிதல்ல; கருவறையின் வடபுறக் கோட்டத்தில், அதாவது புறச்சுவர் மாடத்தில், அவளே நிற்கிறாள். தெற்கே தமிழகம் ஞானகுருவாகத் தட்சிணாமூர்த்தியை வைத்த இடத்தில் ஜாவா அகத்தியரை வைத்தது. பொதிகையோடு பிணைத்து மட்டுமே அகத்தியரை அறிந்த தமிழருக்கு, அம்முனிவர் 8ஆம் நூற்றாண்டு முதலே ஜாவாவில் சிவகுருவாகத் தனி வழிபாடு பெற்றவர் என்பது அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பெருங்கோயில்களைச் சுற்றிய திருச்சுற்றின் கைப்பிடிச் சுவர்களில் உள்ள புடைப்புச் சிற்பங்களே பிரம்பனானின் உண்மையான பெருஞ்செல்வம். இராமகதை சிவன் கோயிலின் சுவரில் தொடங்கி, வானரப் படை இலங்கைக்குக் கடக்கும் காட்சி வரை வந்து, பிரம்மன் கோயிலின் சுவரில் தொடர்கிறது. கண்ணன் கதை திருமால் கோயிலுக்கு உரியது. வலமாகச் சுற்றிவரும் அடியவர் நடந்துகொண்டே கதையைப் படிக்குமாறு காட்சிகள் வரிசைப்பட்டுள்ளன. இச்சிற்பிகள் பின்பற்றியது வான்மீகத்தை அன்று. சீதையின் மோதிரத்தைச் சடாயு இராமனிடம் சேர்ப்பிக்கும் காட்சியும், நீர் வேட்கை கொண்ட அண்ணனுக்கு இலக்குவன் அம்பறாத்தூணியில் நீர் முகந்து வரும் காட்சியும், அணைக்காக வானரங்கள் எறிந்த கற்களை மீன்கள் வாயில் கவ்விச் செல்லும் காட்சியும் மலாய் மொழியின் சேரி ராமா கதை மரபோடு நெருங்கி நிற்பதை ஆய்வாளர் ஸ்டுட்டர்ஹைம் 1925இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அந்த மீன்கள் தனியே நின்று பார்க்கத் தக்கவை: வளைந்த உடலும் விரிந்த செதிலும் பிளந்த வாயுமாய், கல்லின் பாரம் கன்னத்தில் தெரிய, கடலின் உள்ளே நிகழ்வதை மேலிருந்து பார்க்கும் உணர்வைச் சிற்பி ஒரு சாண் அகலத்தில் உண்டாக்கிவிடுகிறான்.

சிவன் கோயிலின் வெளிப்புறச் சுவரில் அறுபதுக்கும் மேற்பட்ட நடனச் சிற்பங்கள் உள்ளன. பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்கள், அதாவது கையும் காலும் ஒருங்கே இயங்கும் நடன அலகுகள், இவற்றில் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. தமிழகத்தின் நடன ஆய்வாளர் பத்மா சுப்ரமணியமும் இவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் சிவனே ஆடிக்காட்டும் 81 கரணங்களுக்கு இவை ஒன்றரை நூற்றாண்டு முந்தியவை.

இவ்வளவு உழைப்பில் உருவான கோயில் அரசின் நடுவாக விளங்கிய காலம் ஒரு நூற்றாண்டுக்கும் குறைவே. 929ஆம் ஆண்டளவில் மன்னன் சிண்டோக் அரசவையைக் கிழக்கு ஜாவாவுக்கு மாற்றிக்கொண்டான். மெராபியின் சீற்றம் காரணமென்றும், வணிகத் துறைமுகங்களின் ஈர்ப்பு காரணமென்றும் இருவகையாகக் கூறுவர். புரப்பவர் இல்லாத கோயில்கள் நிலநடுக்கங்களில் சரிந்தன, சாம்பலும் மரங்களும் மூடின. வரலாறு மறந்த இடத்தில் மக்கள் கதை பிறந்தது. தன் தந்தையைக் கொன்றவனை மணக்க விரும்பாத ராரா ஜோங்ராங் என்னும் இளவரசி, ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டக் கேட்டாளாம். அவன் ஏவிய பூதங்கள் 999 கோயில்களை முடித்த வேளையில் ஊர்ப் பெண்களை நெல் குத்தச் செய்து, கிழக்கே வைக்கோலுக்குத் தீயிட்டுச் சேவல்களைக் கூவவைத்தாளாம். ஏமாந்தவனின் சாபத்தால் அவளே கல்லாகி ஆயிரமாவது உருவானாளாம். வடக்கு அறையின் துர்க்கையையே ஊரார் அந்த இளவரசியாகக் கொண்டு வழிபட்டு வந்தனர்.

1733இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் லோன்ஸ் என்பவர் இடிபாடுகளைக் குறித்து எழுதினார். 1812இல் அங்கு வந்து அளந்து வரைந்தவர் காலின் மெக்கன்சி. தென்னிந்தியாவின் ஊர்தோறும் சுவடிகளையும் கைபீதுகளையும் திரட்டி, சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு வித்திட்ட அதே மெக்கன்சிதான். அதன் பின்னரும் கோயிலுக்கு நல்ல காலம் உடனே வரவில்லை. டச்சுக் குடியேறிகள் சிலைகளைத் தோட்ட அலங்காரமாக எடுத்துச் செல்ல, ஊரார் கற்களைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினர். 1885இல் ஐசர்மானும், 1889இல் குரோனமானும் மேற்கொண்ட துப்புரவுப் பணிகளில் எக்கல் எக்கோயிலுக்குரியது என்னும் குறிப்பின்றிக் கற்கள் ஓபாக் கரையில் குவிக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்த அந்த வேலை விளைவித்த கேடு, கொள்ளையர் விளைவித்ததை விடப் பெரிது.

1918இல் தொடங்கிய மீட்டமைப்பு, குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து அதன் பொளிவாய் எதனோடு பொருந்துகிறது என்று தரையில் அடுக்கிப் பார்க்கும் பொறுமையான பணியாக நடந்தது. ஒரு கட்டடத்தின் மூலக் கற்களில் முக்கால் பங்காவது கிடைத்தாலன்றி அதை மீண்டும் எழுப்புவதில்லை என்பது அங்கு கடைப்பிடிக்கப்பட்ட விதி. போரும் விடுதலைப் போராட்டமும் இடையிட்ட அப்பணியில் சிவன் கோயில் 1953இல் நிறைவுற்று, குடியரசுத் தலைவர் சுகர்ணோவால் திறந்துவைக்கப்பட்டது. பிரம்மன் கோயில் 1987இலும், திருமால் கோயில் 1991இலும் நிறைவுற்றன. அந்த 1991ஆம் ஆண்டிலேயே தொகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கல்லைக் கோத்தவர்களில் பெரும்பாலோரும், 1961 முதல் கோயிலருகே திறந்தவெளி அரங்கில் இராமாயண நாட்டிய நாடகம் ஆடிவருவோரில் பலரும் இஸ்லாமியர்கள். 2006 மே 27ஆம் நாள் யோக்யகார்த்தாவைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் கோயில்கள் மீண்டும் சேதமுற்று, பல ஆண்டுகள் பழுது பார்க்கப்பட்டன. 224 சிறு கோயில்களில் மிகப் பெரும்பாலானவை, முக்கால் பங்கு விதியை நிறைவு செய்யாமல், இன்றும் கற்குவியல்களாகவே உள்ளன.

ஜாவாவில் சிறுபான்மையராக வாழும் இந்துக்கள், நியெப்பி எனப்படும் சக ஆண்டுப் பிறப்பின் மௌன விரதத்துக்கு முந்திய நாளில் இங்குக் கூடி வேள்வி செய்வதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். 2019 நவம்பர் 12ஆம் நாள், சாசனம் குறிக்கும் குடமுழுக்குக்குப் பின் 1163 ஆண்டுகள் கழித்து, இக்கோயிலில் அபிடேகச் சடங்கு மீண்டும் நடத்தப்பட்டது. 2022இல் இந்தோனேசிய அரசின் அமைச்சகங்களும் யோக்யகார்த்தா, மத்திய ஜாவா ஆகிய இரு மாகாண ஆட்சிகளும் கையெழுத்திட்ட உடன்பாடு, பிரம்பனானையும் போரோபுதூரையும் தொல்லியல் சின்னங்களாக மட்டுமன்றி, முறையே இந்துக்களும் பௌத்தர்களும் சடங்கு செய்யும் தலங்களாகவும் ஏற்றுக்கொண்டது.