மெட்ராஸ் ஐ: ஒரு கண்நோயின் வரலாறு

சென்னையில் 1819-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, பின்னர் எழும்பூரில் நிலைகொண்ட அரசு கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அங்குப் பணியாற்றிய ஹென்றி கிர்க்பாட்ரிக், நகரில் கொள்ளைநோய்போல் பரவிய கண்சிவப்பைக் கவனித்து, அதையடுத்து கருவிழியில் தோன்றும் நுண்ணிய புள்ளிகளைப் பற்றி 1920-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 'மெட்ராஸ் ஐ' என்னும் பெயரும் அக்காலத்துப் பரவலோடு இணைத்தே சொல்லப்படுகிறது.

பெரும்பாலும் ஒரு கண்ணில் உறுத்தலும் நீர்வடிதலுமாகத் தொடங்கி, சில நாள்களில் மறு கண்ணையும் பற்றும் இந்நோய்க்கு அடினோவைரஸ் முக்கியக் காரணம் என்பது 1950-களில்தான் தெளிவாயிற்று. 1969-இல் கானாவில் தோன்றிய, வெண்விழியில் இரத்தக்கசிவை உண்டாக்கும் மற்றொரு வகைக்கு என்டிரோவைரஸ் காரணமாக இருந்தது. அது 1971-இல் வங்காளத்தில் பரவியபோது, வங்கதேச விடுதலைப் போர் அகதிகளின் வருகையை ஒட்டி மக்கள் அதற்கு 'ஜெய் பங்களா' எனப் பெயரிட்டனர்.

நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் வீட்டு மருந்துகளாக வழங்கிவந்தன. எனினும் கண்ணில் எதையும் பிழிவது புதிய தொற்றுக்கு வழிகோலும். பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்தும் வைரஸைத் தீண்டாது என்பதால், கைகழுவுதலும் குளிர்ந்த ஒத்தடமுமே முதன்மையாகின்றன. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நோயைப் பெரும்பாலும் கடத்துபவை கையும் துண்டும் தலையணையுமே. ஒற்றைக் கண் சிவந்து, வலியும் பார்வை மங்கலும் சேர்ந்துவரின், அது கண்ணழுத்த நோயாகவோ கருவிழிப் புண்ணாகவோ இருக்கக்கூடுமாதலால் உடனடிச் சிகிச்சை வேண்டும்.