மயக்கத்தில் கண்ணின் காவல்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியிலுள்ள பண்டத்தரிப்பில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டிலே தமது பணியைத் தொடங்கினார். அந்நாளில் மேலைத்தேய வைத்தியத்தில் சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து வழங்கவில்லை. துணையாட்கள் நோயாளியை இறுகப் பிடித்துக்கொள்வர். கத்தி விரைந்து தன் வேலையை முடிக்கும். கொடுமைதான். ஆயினும், காலிலோ கையிலோ கத்தி படும்போது நோயாளியின் கண்ணுக்கு அவனே காவலாயிருந்தான். இமை தானே மூடிற்று. கண்ணீர் தானே சுரந்தது. விழியில் ஏதேனும் உராய்ந்தால் அவன் கூவினான்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பொஸ்ரன் நகரிலே ஈதர் மயக்கம் பலரறியக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரபோமை மயக்கமருந்தாகப் பயன்படுத்தினார். அதே 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், பின்னர் மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் மறைந்த 1884ஆம் ஆண்டிலேதான் வியன்னாவில் கார்ல் கொல்லர், கொக்கெயின் துளிகளால் கண்ணை மட்டும் மரக்கச் செய்யலாம் என்று காட்டினார். அதன்பின் கண் சத்திரசிகிச்சைகள் பலவற்றுக்கு முழு மயக்கம் வேண்டாதாயிற்று.

ஏனைய சத்திரசிகிச்சைகள் பலவற்றுக்கோ முழு மயக்கம் வேண்டியதே. வலியை நீக்கிய அம்மயக்கம் கண்ணின் காவலையும் உடன் நீக்கிற்று. இமை முழுதும் மூடாது, கண்ணீர் குறையும், கருவிழியின் மேற்படலம் உலரும். முகமூடியின் விளிம்போ வைத்தியரின் கைக்கடிகாரமோ பட்டாலும் அது கீறுண்ணும். ஆகவே, நோயாளி மயங்கியதும் இமைகளை மூடி ஒட்டுநாடா இடுவது இன்றைய வழக்கம். எளிய காரியந்தான்; மறந்தால் விளைவு எளிதன்று.

ஏற்கெனவே கண்ணோயுடையோர்க்கு இது மட்டும் போதாது. கண்ணின் உள்ளமுக்கம் மிகும் கிளொக்கோமா நோயாளருக்கு, வழமையான கண்துளிகளைச் சிகிச்சை நாட் காலையிலும் நிறுத்துவதில்லை. தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் அவ்வமுக்கத்தைச் சிறிது நேரம் உயர்த்தும், இருமலும் உயர்த்தும். முதுகெலும்புச் சிகிச்சைக்காகக் குப்புறக் கிடத்துங்கால் முகத்தின் பாரம் விழியில் இறங்காதபடி தலையை அமைத்து, இடையிடையே குனிந்து பார்ப்பர். இரத்த அமுக்கம் நெடுநேரம் தாழ்ந்தால் பார்வை நரம்பு பழுதுறவும் கூடும்.

கண்ணிலிருந்து உடலுக்குச் செல்லும் தீங்கும் உண்டு. கிளொக்கோமாவுக்கு முன்னர் வழங்கிய எக்கோதியோபேற் என்னும் துளி இரத்தத்திற் கலந்து, சக்சமெத்தோனியத்தின் தளர்ச்சியை நெடுநேரம் நீட்டிவிடும். நோயாளி தானாக மூச்செடுக்கத் தாமதமாகும். எந்தத் துளி, எத்தனை முறை என்று மயக்கமருந்து வைத்தியர் முன்னதாகவே வினவுவது அதனாலேதான்.