அம்புமுனையும் கல்வராயன் மலையும்

அம்புத்தண்டின் நுனியில் பொருத்தப்படும் கூரிய பகுதி அம்புமுனை எனப்படும். வேட்டைக்கு உரிய அகன்ற முனைகள் இன்று இரு வகைப்படும். அலகுகள் அசையாமல் நிற்பது நிலையலகு முனை. பறக்கும்போது மடிந்திருந்து, விலங்கின் உடலில் பட்டதும் விரிவது விரியலகு முனை. வில்வேட்டைக்கு உரிமம் தரும் அமெரிக்க மாநிலங்களில், மான் வேட்டைக்கு இவற்றில் எது ஏற்றது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் அக்கேள்விக்கு இடமே ஏற்படவில்லை. விரியலகு பரவுவதற்கு வெகுகாலம் முன்பே துப்பாக்கி மலையேறி வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இரும்பின் பழமை மிகுதி. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள் கி.மு. 2172 வரை செல்வதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆதிச்சநல்லூர் ஈமத்தாழிகளுடன் வாள், வேல் ஆகியவற்றோடு இரும்பு அம்புமுனைகளும் கிடைத்துள்ளன. கி.மு. 480இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீகப் படையில் இருந்த இந்தியர்கள், நாணல் வில்லும் இரும்பு முனையிட்ட நாணல் அம்பும் ஏந்தியிருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வெட்ட, துளைக்க, அடிக்க என மூவகை வேலைக்கு இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் முனை செய்வதை அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. முனையைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் புதிதன்று என்பதற்கு இதுவே போதும்.

கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு பொறித்த கற்களும் அவற்றுள் அடங்கும். தொறு எனப்பட்ட ஆநிரையைக் கவரவும் மீட்கவும் நடந்த பூசல்களில் இறந்த வீரர்கள் அவற்றில் வில்லோடு நிற்கிறார்கள். சிலரது உடலில் அம்பு தைத்திருக்கிறது. அந்த அம்பு மானுக்கு எய்ததன்று, மனிதனுக்கு எய்தது.

கொல்லர் அடித்த முனை நிலையலகாகவே இருந்ததற்குக் காரணம் வில்லின் வலுவில் இருக்கிறது. மூங்கில் வில் அம்புக்குத் தரும் ஆற்றல் குறைவு. விரியலகு திறப்பதற்கே அதில் ஒரு பங்கு செலவாகிவிடும். எஞ்சியது ஆழமாகத் துளைக்கப் போதாது. நிலையலகில் அந்த இழப்பு இல்லை. மழுங்கினால் கல்லில் தீட்டி மீண்டும் பயன்படுத்தலாம். அதன் குறை வேறு: அகன்ற அலகு காற்றில் சிறகுபோல் செயல்பட்டு அம்பைத் திசை திருப்பும். அம்பின் வேகம் கூடக்கூட இந்தக் குறையும் கூடும். கப்பி பூட்டிய வில்லுக்கு ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமை கோரினார். அத்தகைய விற்கள் பரவி அம்பின் வேகம் ஏறிய பிறகே விரியலகுக்குச் சந்தை பெருகியது. காட்டில் சில பாக தூரத்தில் நின்று எய்தவனுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பர். மலையில் முன்பிருந்த வேடர்களைக் கொன்று, அவர்களுடைய பெண்களை மணந்தனர் என்பது அவர்களிடையே வழங்கிய மரபுக்கதை. அந்த வேடக் கணவனின் சாவைக் குறிக்கத் திருமணங்களில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம் இருந்ததை 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி பதிவுசெய்கிறது. வேடன் என்றாலே நினைவுக்கு வருவது வில். அவன் சாவை நினைவுகூர்ந்த சடங்கிலோ வெடித்தது துப்பாக்கி.

சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் ஆகிய மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்த இம்மலையை 1976இல் அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. தொடக்கத்தில் அது உரிமத்தோடு சில விலங்குகளை வேட்டையாட இடம் தந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. காட்டை நம்பி வாழ்வோருக்கு நில உரிமையும் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையும் வழங்கிய 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபுவழி உரிமைகள் பிறவற்றையும் ஏற்றது. ஆனால் வேட்டையாடுவதையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் அது வெளிப்படையாகவே விலக்கியது. இன்று அம்மலையில் புள்ளிமானை எய்தால், முனை எந்த வகையானாலும் அது குற்றமே.