பெற்றோருக்குப் பின் உடன்பிறந்தார்: ஒரு வரலாற்று நோக்கு

டவுன் சிண்ட்ரோம் எனும் பெயர், 1866ஆம் ஆண்டு அந்நிலையை விவரித்த ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் என்பவரால் வந்தது. 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்திருத்தலே அதன் காரணம் என்பது 1959இல் வெளியாயிற்று. 1940களின் இறுதியில் மேலைநாடுகளில் இவர்களது சராசரி ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகளே. இன்று அங்கு அது ஏறத்தாழ 60 ஆண்டுகள். அன்று பெற்றோர் பிள்ளையை அடக்கம் செய்தனர். இன்றோ பெற்றோர் மறைந்த பின்னும் பிள்ளை நெடுங்காலம் வாழ்கிறார். இம்மாற்றமே உடன்பிறந்தாரைப் பொறுப்பின் நடுவே நிறுத்திற்று.

நமது நாட்டில், எமக்குப் பின் யார் எனும் பெற்றோரின் கவலைக்கு விடையாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்தால், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது முதல் தாம்பரத்துக் குடும்பங்கள் அம்மாவட்டக் குழுவையே நாடவேண்டும். பாதுகாவலர் தேவைதானா என்பதையும் குழு ஆராயும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலும், பின் ஆண்டுதோறும் கணக்கும் அளித்தல் வேண்டும்.

ஆயினும் சட்டம் ஒருவரை நியமிக்கக்கூடுமேயன்றி ஆயத்தப்படுத்த இயலாது. டவுன் சிண்ட்ரோம் உடையோரிடம் 50 வயதையொட்டி மறதிநோய் தோன்றுதல் மிகுதி; தம்பிக்கு அது நேருங்கால் அக்காளும் முதுமையெய்தியிருப்பார். அக்காள் பார்த்துக்கொள்வாள் எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். அக்காளைக் கேட்பதில்லை, தம்பியின் விருப்பத்தையும் கேட்பதில்லை. துக்க வீட்டில் இக்கேள்வி முதன்முறை எழுதல் தகாது. பெற்றோர் உயிருடனிருக்கையிலேயே அனைவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசச் செய்தல், இல்லங்களைச் சந்திக்கும் ஆயரின் கடமையாகும்.