ஃபெயில்ஓவர்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஸ்டாண்ட்பை சர்வருக்கு மாறுதல்

ஃபெயில்ஓவர் என்பது, முதன்மைத் தரவுத்தள சர்வர் செயலிழக்கும்போது, அதன் நகலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வரை முதன்மையாக உயர்த்தி, பயன்பாடுகளின் வேலையை அதன்மேல் ஏற்றும் செயல். இரண்டு சர்வர்களும் நல்ல நிலையில் இருக்கும்போதே திட்டமிட்டு இடம் மாற்றிக்கொள்வதை ஸ்விட்ச்ஓவர் என்பார்கள். ஸ்விட்ச்ஓவரில் பழைய சர்வரை முறையாக நிறுத்தி, அதன் கடைசிப் பதிவும் ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்துவிட்டு மாறலாம். ஃபெயில்ஓவரில் பழைய சர்வர் எதற்கும் பதில் சொல்லாது. அது நின்றுவிட்டதா, நாம் அதை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கிறதா என்பது தெரியாமலே முடிவெடுத்தாக வேண்டும். ஸ்டாண்ட்பையை உயர்த்துவது பெரும்பாலும் சில நொடி வேலை. பழைய முதன்மை இனி ஒரு வரிகூட எழுதாது என்று உறுதிசெய்வதுதான் இதில் கடினமான பகுதி.

இந்தக் கட்டுரை, கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்டு இந்தச் செயலை விளக்குகிறது.

நகல் உருவாகும் விதம்

கணக்கியலில் எந்த நடவடிக்கையும் முதலில் குறிப்பேட்டில் பதிவாகி, பிறகுதான் பேரேட்டில் ஏறும். போஸ்ட்கிரெஸ்ஸும் அப்படித்தான். அட்டவணைக் கோப்புகளில் கை வைப்பதற்கு முன், என்ன மாறப்போகிறது என்பதை ரைட்-அஹெட் லாக் எனப்படும் பதிவேட்டில் எழுதி, வட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளும். இயல்பான அமைப்பில் இந்தப் பதிவேடு 16 எம்பி அளவுள்ள துண்டுக் கோப்புகளாக நீண்டுகொண்டே போகும். பேரேடு எரிந்துபோனாலும் குறிப்பேடு கையில் இருந்தால் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். ஸ்டாண்ட்பையின் அடிப்படையும் இதுதான்: ஒருமுறை முழு நகல் எடுத்துக்கொண்டு, பின்பு முதன்மையின் பதிவேட்டை வாங்கி வாங்கித் தன் நகலில் ஏற்றிக்கொண்டே இருப்பது.

தொடக்கத்தில், நிறைந்து முடிந்த துண்டுக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஸ்டாண்ட்பைக்கு அனுப்பினார்கள். பாதி நிறைந்த கோப்பில் இருப்பவை விபத்தில் போய்விடும். 2010இல் வந்த 9.0 பதிப்பு பதிவேட்டை இடைவிடாத ஓடையாக அனுப்பும் வசதியைத் தந்தது. காத்திருக்கும்போதே வாசிப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஹாட் ஸ்டாண்ட்பையும் அதே பதிப்பில் வந்தது. மறுஆண்டு வந்த 9.1, ஒத்திசைவு நகலாக்கத்தைச் சேர்த்தது.

ஒத்திசைவு இல்லாத நகலாக்கமே இயல்புநிலை அமைப்பு. அதில் முதன்மை தன் வட்டில் எழுதியதுமே பயன்பாட்டுக்கு 'முடிந்தது' என்று சொல்லிவிடும். ஒருவர் பணம் அனுப்புகிறார். திரையில் 'வெற்றி' என்று வருகிறது. அந்தப் பதிவு கம்பியில் ஸ்டாண்ட்பையை நோக்கிப் போவதற்குள் முதன்மையின் மின்சாரம் போகிறது. இப்போது ஸ்டாண்ட்பையை உயர்த்தினால் அந்தப் பணப்பரிமாற்றம் நடக்கவே இல்லை. திரையில் வெற்றி என்று பார்த்தவருக்கு மட்டும் அது நடந்திருக்கிறது.

ஒத்திசைவு நகலாக்கம் இதைத் தடுக்கிறது. ஸ்டாண்ட்பை வாங்கி வட்டில் எழுதிவிட்டதாகச் சொன்ன பிறகே முதன்மை 'முடிந்தது' என்று சொல்லும். ஆனால் இதற்கு ஒரே ஒரு ஸ்டாண்ட்பையை நம்பியிருந்தால், அந்த ஸ்டாண்ட்பை விழுந்ததும் முதன்மையின் எழுத்துப் பணிகள் எல்லாம் காத்து நிற்கும். பாதுகாப்புக்காக வைத்த இரண்டாவது சர்வர், சேவை நிற்பதற்கு இரண்டாவது காரணமாகிவிடும். அதனால்தான் ஒத்திசைவு வேண்டுவோர் குறைந்தது இரண்டு ஸ்டாண்ட்பைகளை வைத்து, 'இவற்றில் ஏதாவது ஒன்று சொன்னால் போதும்' என்று அமைக்கிறார்கள். இந்த வசதி 2017இல் 10ஆம் பதிப்பில் வந்தது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்டாண்ட்பையின் பதிலுக்காகக் காத்திருக்கும் பரிமாற்றத்தை ரத்துசெய்தால் அது ரத்தாவதில்லை. முதன்மையில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. காத்திருப்பு மட்டுமே கலைகிறது.

காலக்கோடு

ஸ்டாண்ட்பையை உயர்த்தும் கட்டளையைக் கொடுத்ததும் அது கையில் வந்திருக்கும் பதிவுகளை எல்லாம் ஏற்றி முடித்து, புதிய காலக்கோட்டை, அதாவது பதிவேட்டின் புதிய கிளையைத் தொடங்கும். இதைப் பதிவேட்டு அடைவில் கண்ணால் பார்க்கலாம். பதிவேட்டுத் துண்டின் பெயர் 24 இலக்கம் கொண்டது. முதல் 8 இலக்கம் காலக்கோட்டின் எண். 000000010000000000000008 என்ற துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது உயர்த்தினால், அடுத்து எழுதப்படுவது 000000020000000000000008. கூடவே, எந்த இடத்தில் கிளை பிரிந்தது என்று சொல்லும் சிறிய வரலாற்றுக் கோப்பும் உருவாகும். அந்த ஓர் இலக்கத்தின் வேறுபாட்டில்தான் பெரிய பாதுகாப்பு இருக்கிறது: பழைய சர்வர் பிறகு எழுந்து எழுதினாலும் அதன் துண்டுகள் புதியவற்றின்மேல் விழுந்து அழிக்காது.

ஆனால் காலக்கோடு கோப்புகள் கலக்காமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, பயன்பாடுகள் தவறான சர்வரில் எழுதுவதைத் தடுக்காது. இரண்டு சர்வர்களும் தாமே முதன்மை என்று நம்பி இரண்டிலும் எழுத்து நடக்கும் நிலைக்கு ஸ்பிளிட்-பிரெயின் என்று பெயர். சேவை நிற்பதைவிடப் பல மடங்கு மோசமான நிலை இது. நின்ற சேவையை ஓட்டிவிடலாம். இரண்டாகக் கிளைத்த கணக்கை ஒன்றாக்க, எந்த வரி மெய் என்று ஒவ்வொன்றாக மனிதர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

யார் முடிவெடுப்பது

முதன்மை விழுந்ததைக் கண்டறிந்து ஸ்டாண்ட்பைக்குச் சொல்லும் மென்பொருள் போஸ்ட்கிரெஸ்ஸில் கிடையாது. அதன் ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்த வேலையை வெளியிலிருந்து செய்பவை பேட்ரோனி, ரெப்எம்ஜிஆர், பிஜி ஆட்டோ ஃபெயில்ஓவர் போன்றவை.

இரண்டே சர்வர்களை வைத்துக்கொண்டு தானியங்கி ஃபெயில்ஓவர் செய்ய முயல்வது ஆபத்து. நடுவில் உள்ள கம்பி அறுந்தால் இரண்டுக்கும் எதிராளி செத்ததாகவே தெரியும். மூன்றாவது சாட்சி வேண்டும். பெரும்பான்மையின் ஒப்புதல் இல்லாமல் யாரும் முதன்மையாகக் கூடாது. ஜெர்மனியின் சலாண்டோ நிறுவனத்தில் வளர்ந்த பேட்ரோனி, இந்தப் பெரும்பான்மையை எட்சிடி, கன்சல், சூகீப்பர் போன்ற தனிச் சேமிப்பகங்களிடம் ஒப்படைக்கிறது. முதன்மையாக இருப்பவர் அங்கே ஒரு சாவியை வைத்திருப்பார். இயல்புநிலை அமைப்பில் அதன் ஆயுள் 30 நொடி. 10 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முடியாத முதன்மை தானாகவே பதவி இறங்கிவிடும். சாவி காலாவதியான பிறகே ஸ்டாண்ட்பைகள் அதற்குப் போட்டியிடும். 1 எம்பிக்கு மேல் பின்தங்கிய ஸ்டாண்ட்பை இயல்பாகப் போட்டியில் சேராது.

இதிலும் ஓட்டை உண்டு. பதவி இறக்க வேண்டிய பேட்ரோனியே உறைந்துபோய், போஸ்ட்கிரெஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால்? அதற்காகத்தான் வாட்ச்டாக் எனப்படும் கடிகாரம்: குறித்த நேரத்துக்குள் அதைத் தட்டாவிட்டால் இயந்திரத்தையே மறுதொடக்கம் செய்துவிடும். பழைய கிளஸ்டர் முறைகளில் மின்சாரத்தையே துண்டிப்பார்கள். அந்த நடைமுறைக்கு ஸ்டோனித் என்று பெயர். முரட்டுத்தனமாகத் தோன்றினாலும், பதில் சொல்லாத இயந்திரம் எழுதாது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது.

43 நொடி

2018 அக்டோபர் 21 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்பில் நடந்ததை, இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், மேலாண்மைக் கருவி ஆர்க்கெஸ்ட்ரேட்டர். ஆனால் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான 100ஜி ஒளியிழைக் கருவியை மாற்றும்போது, வலைப்பின்னல் மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையிலான இணைப்பு 43 நொடி அறுந்தது. அந்தத் தரவு மையத்துக்கு வெளியே இருந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் கணுக்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அவை மேற்குக் கரை சர்வர்களை முதன்மையாக உயர்த்தின. கருவி தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது.

ஆனால் கிழக்கில் அந்தச் சிறு இடைவெளியில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கு புதிய எழுத்துகளை ஏற்கத் தொடங்கிவிட்டது. இரு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாத பதிவுகள். திரும்பிப் போகவும் வழியில்லை. கிழக்கில் ஓடிய பயன்பாடுகளால், எழுதும் ஒவ்வொரு முறையும் கண்டத்தின் மறுகரைக்குப் போய்வரும் தாமதத்தைத் தாங்கவும் முடியவில்லை. வேகமாக மீள்வதைவிடப் பயனரின் தரவு முக்கியம் என்று முடிவெடுத்தார்கள். காப்பு நகல்களை மீட்டு, நகலாக்கத்தை ஈடுகட்டி, எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

எங்கே ஃபெயில்ஓவர் செய்யலாம் என்பதைப் போலவே, எங்கே செய்யக் கூடாது என்பதையும் அமைப்பில் எழுதிவைக்க வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு இது. பின்னர் அவர்கள் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஒரு வட்டாரத்தைத் தாண்டி உயர்த்தாதபடி மாற்றினார்கள்.

ஸ்டாண்ட்பை காப்பு நகல் ஆகாது

முதன்மையில் தவறுதலாக அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் உடனே ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். 2017 ஜனவரி 31 அன்று போஸ்ட்கிரெஸ்ஸில் ஓடிய கிட்லேப் சேவையில் வேறொரு வகை விபத்து நேர்ந்தது. சுமை கூடியதால் ஸ்டாண்ட்பை பின்தங்கியது. அதற்குத் தேவையான பதிவேட்டுத் துண்டுகளை முதன்மை ஏற்கெனவே நீக்கிவிட்டிருந்தது. ஸ்டாண்ட்பையைப் புதிதாகக் கட்ட அதன் தரவு அடைவை அழிக்கப்போன பொறியாளர், முதன்மையின் அடைவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. காப்பு நகல் எடுக்கும் நிரல், பதிப்பு பொருந்தாததால் முன்பிருந்தே தோற்றுவந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. பின்தங்கிய நிலையில் இருக்கும் ஸ்டாண்ட்பையை இருக்கிறது என்று கணக்கில் வைக்கவே கூடாது. எத்தனை பைட் பின்தங்கியிருக்கிறது என்பதை அளந்து, எல்லை தாண்டினால் மனிதரை எழுப்ப வேண்டும்.

பயன்பாடுகளின் பக்கம்

புதிய முதன்மை தயார் என்பதாலேயே சேவை திரும்பிவிடாது. இடத்துக்கு இடம் நகரும் மெய்நிகர் ஐபி முகவரி, நடுவில் நிற்கும் எச்ஏ பிராக்ஸி, இணைப்புச் சரத்திலேயே பல சர்வர்களைக் கொடுத்து எழுதக்கூடியதைத் தேடச் சொல்வது என்று வழிகள் பல. எதைத் தேர்ந்தாலும் பழைய இணைப்புகளே தொல்லை. மின்சாரம் போன சர்வர் இணைப்பை மூடிவிட்டுப் போகாது. கேள்வியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பயன்பாடு அப்படியே காத்திருக்கும். லினக்ஸின் இயல்புநிலை அமைப்பில், பேச்சற்ற இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று முதல்முறை தட்டிப் பார்க்கவே 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். அதுவும் அந்தச் சோதனையைப் பயன்பாடு கேட்டிருந்தால்தான். ஃபெயில்ஓவர் 30 நொடியில் முடிந்தும் சேவை நெடுநேரம் திரும்பாமல் இருப்பதற்கு இந்த ஒரு எண் போதுமான காரணம்.

பழைய முதன்மை திரும்பும்போது

விழுந்த சர்வர் எழுந்ததும் அதை நேரே ஸ்டாண்ட்பையாகச் சேர்க்க முடியாமல் போகலாம்; கிளை பிரிந்த இடத்துக்குப் பின்னும் அதில் எழுத்து இருக்கக்கூடும். 9.5 பதிப்பில் சேர்ந்த பிஜி_ரீவைண்ட், பிரிந்த இடத்துக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டும் புதிய முதன்மையிலிருந்து எடுத்து மேலெழுதி, பழையதைப் பின்தொடரத் தகுதியாக்கும். இதற்குத் தரவுச் சரிபார்ப்புத்தொகை அல்லது அதற்கு ஈடான அமைப்பு முன்பே இயங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு நகலைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

பிஜி_ரீவைண்ட் கட்டளையை அடிப்பதற்கு முன் பழைய சர்வரின் தரவு அடைவை அப்படியே வேறிடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். அவசரத்தில் பலர் விடும் படி இது. முதன்மை ஏற்றுக்கொண்டு, ஸ்டாண்ட்பைக்குச் சேராமல் போன பரிமாற்றங்கள் உலகில் வேறெங்கும் இல்லை. அந்த வட்டில் மட்டுமே இருக்கின்றன. பிஜி_ரீவைண்ட் ஓடினால் அவையும் அழியும். கிட்ஹப் நிகழ்வில் மிகவும் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் மட்டும் இப்படி 954 எழுத்துகள் சிக்கியிருந்தன. எவற்றைத் தானாகச் சேர்க்கலாம், எவற்றுக்குப் பயனரையே அணுகிக் கேட்க வேண்டும் என்று அவர்கள் பிரித்துப் பார்க்க முடிந்தது, பழைய சர்வர்களின் பதிவேட்டை அழியாமல் வைத்திருந்ததால்தான்.