நாலாம் ஒலி

திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே குளிரச் செய்தால், சாதாரண திரவங்கள் புகத் தயங்கும் இடுக்கினூடாகவும் அது தடையின்றி ஓடுகிறது. 1938 ஜனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் இதனை இரு தரப்பினர் தனித்தனியே அறிவித்தனர். மொஸ்கோவில் கப்பிட்சா, கேம்பிரிட்ஜில் அலனும் மிஸ்னரும்.

பாடநூல்கள் இதன் சூத்திரங்களைத் தருகின்றன. அவற்றை எழுதியோர் எந்த நிலையில் இருந்தனர் என்பதைத் தருவதில்லை. கப்பிட்சா கேம்பிரிட்ஜில் பணியாற்றியவர். 1934இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றபோது திரும்பிவர அனுமதி மறுக்கப்பட்டவர். பிறிற்ஸ் லண்டன், நாசிகள் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர். லாஸ்லோ திசா, இடதுசாரித் தொடர்புக்காக ஹங்கேரியில் சிறையிருந்து, பின் ஹார்க்கிவில் லாண்டாவின் கீழ்ப் பயின்றவர்.

1938இல் லண்டனும் திசாவும் பாரிஸில் இருந்தனர். ஹீலியத்தில் நிகழ்வது போசும் ஐன்ஸ்டைனும் கூறிய ஒடுக்கமே என்றார் லண்டன். அதிலிருந்து திசா, இத்திரவம் உராய்வற்ற பகுதியும் சாதாரணப் பகுதியும் ஒன்றிக் கலந்தது என்றும், வெப்பநிலையே அதில் அலையாகப் பரவும் என்றும் கூறினார்.

அதே ஆண்டு ஏப்ரலில் மொஸ்கோவில் லாண்டாவ் கைதானார். ஹீலியத்தை விளக்க அவர் தேவை எனக் கப்பிட்சா மேலிடத்துக்கு எழுதினார். ஓராண்டின் பின் விடுதலையான லாண்டாவ், 1941இல் தனது கோட்பாட்டை வெளியிட்டார். அதில் திசாவின் கருத்தை நிராகரித்தார். ஒடுக்கத்துக்கு அங்கு இடமில்லை. வெப்ப அலையை, அதாவது இரண்டாம் ஒலியை, 1944இல் பெஷ்கோவ் கண்டறிந்தார்.

முதலாம் ஒலியில் இரு பகுதிகளும் சேர்ந்து அசைகின்றன. இரண்டாம் ஒலியில் எதிரெதிராக. மூன்றாம் ஒலி மெல்லிய படலத்தில் பரவுவது. நுண்ணிய தூளை இறுக அடைத்து, அதன் துளைகளை ஹீலியத்தால் நிரப்பினால் சாதாரணப் பகுதி தன் பாகுநிலையால் அசைவற்று நிற்கும். உராய்வற்ற பகுதி மட்டும் அலையும். அட்கின்ஸ் 1959இல் எதிர்வுகூறிய இந்த நாலாம் ஒலியை ரட்னிக்கும் ஷப்பிரோவும் 1962இல் கலிபோர்னியாவில் கண்டனர். அதன் வேகத்திலிருந்து உராய்வற்ற பகுதி எவ்வளவு என்பதைக் கணிக்கலாம். 1938இல் கற்பனைபோலத் தோன்றிய பிரிவினை அளக்கக்கூடியதாயிற்று.

யார் சரி? தனிப்பூச்சியத்தை அண்மிக்கையில் இரண்டாம் ஒலியின் வேகம் திசா கூறியபடி குறையாது, லாண்டாவ் கூறியபடி கூடியது. ஆனால் ஹீலியத்தில் ஒடுக்கம் உண்டென்பதைப் பின்னைய நியூத்திரன் பரிசோதனைகள் காட்டின. லண்டனும் சரியே. நோபல் பரிசு 1962இல் லாண்டாவுக்கும் 1978இல் கப்பிட்சாவுக்கும் கிடைத்தது. லண்டன் 1954இலேயே இறந்துவிட்டார். திசாவுக்குக் கிடைக்கவில்லை.

அகதி வாழ்வு அறிவைக் கூர்மையாக்கும் என எம்மிடையே ஓர் ஆறுதல் வாதம் உண்டு. இவ்வரலாறு அதற்குச் சாட்சியல்ல. பாரிஸின் ஆய்வு நிறுவனங்கள் அவ்விருவருக்கும் இடமளித்தன. லாண்டாவுக்காக ஒருவர் துணிந்து கடிதம் எழுதினார். எட்டு மணிநேரம் இயந்திரத்தருகே நின்று வீடு திரும்புபவனுக்கு இந்த வேறுபாடு விளங்கும். கதவு திறக்கப்படாதவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. எமது விவாதம் அங்கிருந்து தொடங்குவதே நேர்மையானது.