‘கருதப்படாது’ என்னும் வினைமுற்று: 1946ஆம் ஆண்டுச் சட்டமும் பிலிப்பினோ படைவீரர் உரிமையும்

பிலிப்பினோ படைவீரர் உரிமை பற்றிய ஆய்வுகளில் ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. 1946 பிப்ரவரி 18இல் நிறைவேறிய ரெசிஷன் சட்டம் அவர்களின் சலுகைகளைப் பறித்தது. 1990, 2000, 2003, 2009 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவற்றைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொடுத்தன என்பது அந்த வாசிப்பு. சட்டத்தின் சொற்களை வரிவரியாகப் படித்தால் இந்தக் கதைப்போக்கு நிற்கவில்லை. 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் சலுகையில் கைவைப்பதற்கு முன்பே சேவையின் மீது கைவைத்தது. அந்தக் கை இன்னும் எடுக்கப்படவில்லை. ஆகவே ‘மீட்பு’ என்ற சொல்லைப் பின்வந்த சட்டங்களுக்குச் சூட்டத் தயங்குகிறேன்.

சர்ச்சைக்குரிய வாசகம், பிலிப்பைன் படைக்கென 20 கோடி டாலர் ஒதுக்கிய பத்தியின் வாலில் ஒரு நிபந்தனையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சாரம் இது: 1941 ஜூலை 26ஆம் நாளிட்ட அதிபர் ஆணைப்படி அமெரிக்கப் படைகளின் பணியில் இருந்தபோது பிலிப்பைன் காமன்வெல்த் அரசின் படையினர் ஆற்றிய சேவை, உரிமையோ சலுகையோ வழங்கும் எந்தச் சட்டத்துக்கும் அமெரிக்கப் படைச் சேவையாகக் கருதப்படாது, அவ்வாறு இருந்ததாகவும் கருதப்படாது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் பின்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பகுதியில்தான் செய்தி இருக்கிறது. தமிழில் பெயர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. நம் வாக்கிய அமைப்பில் எச்சம் முன்னே வரும், வினைமுற்று கடைசியில் வரும். ‘பணியில் இருந்தபோது’ என்று எச்சம் ஒப்புக்கொள்கிறது. ‘கருதப்படாது’ என்று முற்று மறுக்கிறது. ஒரே வாக்கியம் ஒரே சேவைக்குச் சாட்சியும் சொல்கிறது, அதைத் தள்ளுபடியும் செய்கிறது.

‘கருதப்படும்’, ‘கருதப்படாது’ என்பன சட்டம் வரைவோரின் அன்றாடக் கருவிகள் என்பதை அறிவேன். ஒரு சொல்லின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது. ஆனால் இங்கே இறந்தகாலமும் தனியே சேர்க்கப்பட்டிருக்கிறது. இனிமேல் சலுகை இல்லை என்பதே நோக்கமாக இருந்திருந்தால், இதற்குமுன் என்ன இருந்தது என்பதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

அதே வாசகத்தின் விலக்குகள் என் வாசிப்புக்கு வலுச்சேர்க்கின்றன. ஏற்கெனவே செய்துகொண்ட ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தங்களும், பணியால் நேர்ந்த ஊனத்துக்கும் மரணத்துக்குமான ஓய்வூதியமும் தப்பின. பத்தான் போர்க்களத்தில் அடுத்தடுத்து நின்று போரிட்ட இருவரை எண்ணிப் பார்க்கலாம். காலை இழந்தவருக்கு அந்த நாள் சேவை நாள். அவரைத் தோளில் சுமந்துவந்து, காயமின்றி ஊர் திரும்பியவருக்கு அதே நாள் கணக்கில் இல்லை. கல்விச் சலுகை இல்லை, வீட்டுக்கடன் உத்தரவாதம் இல்லை. காலை இழந்தவருக்கும் ஒரு டாலருக்கு ஒரு பெசோ என்ற வீதத்தில்தான் ஓய்வூதியம். அன்று இரண்டு பெசோ ஒரு டாலர். அதாவது பாதி.

பிலிப்பைன்ஸில் வாழ்க்கைச் செலவு குறைவு என்பது இந்தப் பாதிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். அமெரிக்காவிலேயே குடியேறி வாழ்ந்த பிலிப்பினோ வீரருக்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இதே பாதிதான் கிடைத்தது. கலிபோர்னியாவில் வாடகை கொடுத்தவருக்கு மணிலா விலைவாசியைக் காட்டிய நியாயத்தை மேலும் ஆராயத் தேவையில்லை. அதிபர் ட்ரூமன் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டபோதே அமெரிக்காவின் தார்மிகக் கடமை தீரவில்லை என்று அறிக்கை விட்டார் என்பதும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. உண்மைதான். அந்த அறிக்கையால் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கீபன் வழக்கில் இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பது அங்கே கேள்வி. அந்த அதிகாரத்தைக் கொண்டு அது என்ன செய்தது என்பது என் கேள்வி.

இனி 2009. பொருளாதார மீட்புச் சட்டத்தின் 1002ஆம் பிரிவு 19.8 கோடி டாலர் நிதியை ஏற்படுத்தி, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற வீரருக்கு 15,000 டாலரும் மற்றவருக்கு 9,000 டாலரும் ஒரே தவணையாக அளித்தது. செனட்டர் டேனியல் இனோயே முதலியோரின் நெடிய உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பிரிவு இவர்களின் சேவையை அமெரிக்க ஆயுதப்படைச் சேவையாக ஏற்கவும் செய்கிறது. ஆனால் இந்தப் பிரிவின் நோக்கங்களுக்காக, இந்தப் பிரிவு சொல்லும் அளவுக்கு மட்டும். 1946இன் இலக்கணம் அப்படியே திரும்பிவருகிறது: ஒரு கையால் ஒப்புதல், மறு கையால் எல்லை. பணத்தை ஏற்பவர், முன்பே தகுதி பெற்றிருந்த சலுகைகள் நீங்கலாக, தம் சேவையின் பேரில் அமெரிக்க அரசிடம் வேறெதையும் கோருவதில்லை என்றும் ஆகிறது. உரியதைத் திருப்பிக் கொடுப்பவர் பெறுபவரிடம் விடுதலைப் பத்திரம் கேட்பதில்லை. 42,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை பாதிக்கும் குறைவு. கெரில்லாக்களாகப் போரிட்டவர்களில் பலர், போருக்குப்பின் தொகுக்கப்பட்ட பெயர்ப்பட்டியலில் தம் பெயர் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டனர்.

முழு உரிமை கோரி ஆண்டுக்கணக்காகக் கொண்டுவரப்பட்ட மசோதாக்களின் நீண்ட தலைப்பிலும், இச்சேவையை முழுப் படைச்சேவையாக ‘இருந்ததாகக் கருதுவதற்கு’ என்ற தொடரே வருகிறது. வீரர்களுக்காக வாதாடும் நண்பர்களும் அந்தச் சொல்லின் பிடியிலிருந்து விடுபடவில்லை. ஒரு புனைவின் மேல் இன்னொரு புனைவை அடுக்குவதைவிட, அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 38ஆம் தலைப்பில் 107ஆம் பிரிவாக இன்றும் நிற்கும் அந்த வாசகத்தை நீக்குவதே நேரான வழி என்று கருதுகிறேன். இப்போது வீரர்களே மிகச் சிலர்தான் எஞ்சியிருக்கிறார்கள், இனி எதற்கு என்று கேட்கப்படுகிறது. போரில் பட்ட காயத்தால் இறந்த வீரரின் மனைவி பிலிப்பைன்ஸில் இருந்தபடி உதவித்தொகை பெற்றால், அந்தப் பிரிவின்படி இன்றும் அவருக்கு ஒரு டாலருக்கு ஐம்பது சென்ட்தான்.